கட்டத்தைக் கட்டம் என்றே வாசியுங்கள்

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து புளியறை செக்போஸ்ட் வரைக்கும் நான் திறக்காத ஃபைல் ஒன்றுகூடக் கிடையாது.

பொய். திறந்ததைவிடத் திறக்காததுதான் அதிகம். திறந்ததிலும் பாதி தானாகத் திறந்துகொண்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் இந்தப் பொய்யைக் கடை வாசலில் உட்கார்ந்து பல வருடம் சொல்லியிருக்கிறேன். யாரும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தென்காசியிலும் குற்றாலத்திலும் புதிதாக டைப்பிங் சென்டர் போட்டிருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி செல்வி கேட்டாள். செல்விதான் இப்போது என் கடையை நடத்துகிறாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அதாவது, முன்னால் கிடக்கிற நாற்காலியிலிருந்து பின்னால் கிடக்கிற நாற்காலிக்கு மாறிவிட்டேன். அவள் காலேஜ் படித்தவள். நான் ஏழாம் வகுப்பை மூன்று தடவை திறந்து பார்த்தவன். மூன்று தடவையும் திறக்க முடியவில்லை என்றே வந்தது. நான்காவது தடவை வாத்தியாரே என்னை டெலீட் பண்ணிவிட்டார்.

அதனால் எனக்கு இலக்கணம் கிடையாது. எழுத்தெல்லாம் விரலில்தான் இருக்கிறது. குற்றால சீசனுக்கு லாட்ஜ் நோட்டீஸ் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துப் பழகினேன். இங்கிலீஷில் அம்மா என்று அடித்தால் தமிழில் அம்மா வந்து நிற்கிற வசதியெல்லாம் அப்போது இல்லை. 'கா' வேண்டுமென்றால் க-வை அடித்து, அப்புறம் துணைக்காலை அடிக்க வேண்டும். இரண்டு அடி. 'டா' என்றாலும் அப்படித்தான். கு, டு, ரு, மு மாதிரி எழுத்துகளுக்கு மட்டும் தனித்தனிக் கீ உண்டு. ஒரே அடியில் முழு எழுத்தும் வந்துவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அந்தக் காலத்து ஃபைலைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு இடத்தில் பாம்பு நெளிந்த மாதிரி இருக்கும். ஒரு இடத்தில் வெறும் கட்டம் இருக்கும். கொண்டுவந்தவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் 'தெரியவில்லை' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் முடிந்தது. என் வாயில் அந்தச் சொல் மட்டும் வராது. வேறு எது வேண்டுமானாலும் வரும்.

புளியறை ரோட்டில் புரோட்டாக் கடை வைத்திருக்கிற ஒருவர் பென்டிரைவோடு வந்தார். கடை போர்டில் எழுத வேண்டிய பட்டியல் அதில் இருக்கிறதாம். யாரோ பழைய ஆள் அடித்துக் கொடுத்தது. பைசா பெறாத ஒரு எழுத்துச் செயலியில் செய்த ஃபைல், அதன் பெயரின் வாலில் புள்ளிக்கு அப்புறம் மூன்று எழுத்து. அந்த மூன்றையும் நான் அதற்கு முன்னால் சேர்த்துப் பார்த்ததில்லை. திறந்தேன். திரை முழுக்கச் சுழி. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, இது மலையாளம், செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குக் கொண்டுபோனால் எவனும் வாசித்துவிடுவான் என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பி மலை ஏறி ஆரியங்காவு வரைக்கும் போயிருக்கிறார். மறுநாள் மத்தியானம் கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அங்கன உள்ளவன் இது தமிழுங்கான். நீரு மலையாளம்ங்கீரு. அப்போ நான் போடுத புரோட்டா எந்த ஊருவே?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பல வருடம் இதை ஒரு ஜோக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருவதில்லை. அன்றைக்குப் போனது ஒரு பட்டியல். இன்னொரு நாள் அதே வாயால் வேறு ஒன்றைத் தொலைத்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

நான்கு வருடம் இருக்கும். ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் தென்காசி வரைக்கும் வந்து, கடைக்குள் வருகிறவர்கள் எல்லாம் போனைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் மேஜையில் வைப்பார்கள். அப்படி ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டு மணி வாக்கில் சேகு பாய் வந்தார். பின் தெருக்காரர். ஒரு காலத்தில் வீட்டில் தறி போட்டிருந்தவர், இப்போது துணிக்கடை. கூட அவர் தம்பி மகள் பர்வீன். பத்தாவதோ பதினொன்றோ படித்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

தம்பி காதர் மைதீன் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரவு படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை.

காதர் எனக்கு அந்நியன் இல்லை. நான் சொன்ன அந்த லாட்ஜ் நோட்டீஸ் பிரஸ்ஸில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து அடித்தவன். என்னைவிட வேகம். என்னைவிடப் பிழை குறைவு. நான் 'அருவியில் குளிக்க' என்பதை 'அருவியில் குலைக்க' என்று அடித்து ஆயிரம் நோட்டீஸ் போனபோது, முதலாளியிடம் அதைத் தான் அடித்ததாகச் சொல்லிக்கொண்டவன். வெளிநாடு போகும்போது பிரஸ்ஸில் இருந்த அந்தப் பழைய எழுத்துச் செயலியையும் எழுத்துருவையும் ஒரு சிடியில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். அதில் அடித்தால்தான் கைக்கு ருசிக்கிறது என்பான். லேப்டாப் எத்தனை மாறினாலும் அதை விடவில்லை போலிருக்கிறது.

அவனோடு அறையில் தங்கியிருந்தவர் அவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். முகப்பிலேயே ஒரு ஃபைல். பெயர் 'ஜைனம்பு'. அது அவன் மனைவி பெயர். அவர் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஜைனம்புவின் போனில் திறக்கவில்லை. சேகு பாய் போனில் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் திறந்தது, ஆனால் மண்புழு மண்புழுவாக இருந்தது. அப்புறம் என்னிடம் வந்தார்கள். இந்த ஊரில் திறக்காத ஃபைலே கிடையாது என்று சொல்லித் திரிகிற ஆள் நான்தானே.

ஜைனம்பு வரவில்லை. புருஷன் இறந்த பெண் அவர்கள் வழக்கப்படி நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. இத்தா இருக்கிறது என்பார்கள். அதனால் பர்வீன் அவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் மேஜையில் கீ போர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பக்கம் யாரோ ஓதுகிற சத்தம் மெல்லக் கேட்டது. ஜைனம்புவின் மூச்சு மட்டும் கேட்டது.

விஷயம் இதுதான். கம்பெனிக்கு ஒரு காகிதம் வேண்டும். மனைவி கையெழுத்துப் போட்டது. மையத்தை, அதாவது உடலை, அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதமா, ஊருக்கு அனுப்ப வேண்டுமா, இரண்டில் ஒன்று. அங்கே ஆபீஸ் மத்தியானம் மூடிவிடும், அப்புறம் இரண்டு நாள் லீவு. அறைக்காரர் சேகு பாய்க்கு நிமிடத்துக்கு ஒரு தடவை போன் போட்டுக்கொண்டிருந்தார்.

சேகு பாயை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒளித்துப் பேசவில்லை.

"மையத்த நாள் கணக்குல பெட்டியில போட்டு வைக்கக் கூடாது அண்ணாச்சி. எங்க மவுத்தானானோ அங்கனயே அடக்குததுதான் முறைன்னு நான் சொல்லுதேன். ஜைனம்பு கொண்டாரணும்ங்கா. அவன் இதுல ஏதாச்சும் எழுதியிருந்தா சரி, அவன் சொல்லுதபடி செஞ்சிருவோம். எனக்கும் அதுதான் நிம்மதி."

ஆக, முடிவு அந்த ஃபைலில் இருந்தது. ஃபைல் என் கையில் இருந்தது.

நான் என்னவெல்லாம் செய்தேன் என்று எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும். மூன்று மெஷின் மாற்றினேன். வாலை வெட்டி வேறு வால் ஒட்டினேன். இணையத்தில் கிடைத்த ஒரு எழுத்து மாற்றியில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, நெளிந்துகொண்டிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தமிழாக மாறிவந்தது. இரண்டே வரி. உங்களுக்காக அப்படியே தருகிறேன். நீங்களும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், அவசரமில்லாமல்.

எனக்□ ஒன்□ ஆகிவிட்டால் நீங்கள் எல்லோ□ம் அலைய வேண்டி வ□ம்.
என்னை ஊ□க்□க் கொண்□ வர வேண்□ம்.

பர்வீன் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. சேகு பாயின் வாசிக்கிற கண்ணாடி வீட்டில். அவர் போன் மறுபடியும் அடித்தது. இங்கே மணி ஒன்றரை, அங்கே பன்னிரண்டு. நான் முதல் வரியைக் கட்டம் நிரப்பி வாசித்தேன். ஒரு தடுமாற்றமும் இல்லை. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் நீங்கள் எல்லோரும் அலைய வேண்டி வரும். வாசித்து முடிக்கும்போதே சேகு பாய் "ஆமா" என்கிற மாதிரி தலையை அசைத்தார். அந்த அசைவிலேயே இரண்டாவது வரி எனக்குப் புரிந்துவிட்டது. அலைச்சல் என்று எழுதியவன் அடுத்து என்ன எழுதுவான்? காதர் யாருக்கும் தொந்தரவு கொடுக்காத ஆள். என் தப்பையே தன் தலையில் போட்டுக்கொண்டவன்.

"என்னை ஊருக்குக் கொண்டு வர வேண்டாம்" என்று வாசித்தேன்.

போனில் ஓதுகிற சத்தம் நின்றது. அப்புறம் ஜைனம்பு அன்று முதன்முதலாகப் பேசினாள்.

"அண்ணாச்சி, அப்படியா எழுதியிருக்காக? இன்னொரு தடவ வாசிங்க."

இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்காது. அவள் கேட்டாள். திரை கண் முன்னால்தான் இருந்தது. இரண்டாவது தடவை நான் திரையைப் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு நன்றாகக் கேட்க வேண்டுமே என்று, இன்னும் சத்தமாக, இன்னும் தெளிவாக, வேண்டாம் என்று சொன்னேன். நியூஸ் வாசிக்கிறவன் மாதிரி.

"அவுக சொன்னா சரிதான்" என்றாள்.

சம்மதக் கடிதத்தையும் நானே அடித்தேன். புது எழுத்துருவில். அங்கேயே அடக்கம் செய்ய எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று, ஒரு பிழை இல்லாமல். பர்வீன் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவந்தாள். ஸ்கேன் போட்டு அனுப்பினேன். அறைக்காரர் போனில் திறந்தது, கம்பெனி கம்ப்யூட்டரில் திறந்தது, அங்கே ஏதோ ஒரு அதிகாரியின் மெஷினிலும் திறந்தது. என் வாழ்நாளில் நான் செய்த ஃபைலில் போன இடமெல்லாம் திறந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் அங்கே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அப்புறம் எனக்கு ஏறின பவுசைக் கேட்கக் கூடாது. மவுத்தானவர் எழுதி வைத்ததை ஒரு ஆளாலும் திறக்க முடியவில்லை, அண்ணாச்சி திறந்து வாசித்தார் என்று தெருவில் பேச்சு. கடையத்திலிருந்து, செங்கோட்டையிலிருந்து, பழைய பென்டிரைவ், கீறல் விழுந்த சிடி, எலி கடித்த ஹார்டு டிஸ்க் எல்லாம் வரத் தொடங்கியது. நான் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் காதர் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாக வளர்ந்தது.

எட்டு மாதம் கழித்து செல்வி வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த வாரத்திலேயே இலத்தூரிலிருந்து ஒருவர் கோவில் கொடை நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். அதே பழைய பிரஸ்ஸில் அடித்தது, அதே செயலி. திறந்தால் ஊரெல்லாம் கட்டம். செல்வி திகைத்துப்போய், இந்தக் கட்டத்தில் எல்லாம் எதைப் போடுவது என்று கேட்டாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஏட்டி, இதுல ஒரு வித்தையும் இல்ல. எண்ணிப் பாரு. கட்டம் ஒண்ணுன்னா கீ ஒண்ணு. இந்த எழுத்துருவுல உதிருதது பூரா கு, ரு, டு, மு வகையறாதான். கால் போட்ட எழுத்து உதிராது. காவோ டாவோ இருந்தா ரெண்டு அடிலா, ரெண்டும் அப்படியே தெரியும். டான்னு வாசிக்கணும்னா அங்கன ட இருக்கணும், கால் இருக்கணும். வெறும் கட்டத்துல எப்படி டா..."

அங்கே நின்றுவிட்டேன்.

செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி தண்ணி வேணுமா என்று கேட்டாள்.

என் விரலுக்கு அது அந்த வியாழக்கிழமையே தெரியும். இருபது வருடம் அந்த 'டு'-வை ஒரே அடியில் அடித்த விரல். அன்றைக்கு நான் விரலைக் கேட்கவில்லை. சேகு பாய் தலையைக் கேட்டேன். மேலே தந்திருக்கிற இரண்டு வரியை இப்போது இன்னொரு தடவை பாருங்கள். முதல் வரியில் 'ஆகிவிட்டால்' இருக்கிறது. அதில் டா முழுசாக, காலோடு, என் மூக்குக்கு நேரே நின்றது. டா தெரிகிற ஃபைலில் டா கட்டமாகாது. இரண்டாவது வரியில் நான்கு கட்டம். ரு, கு, டு என்று மூன்றைச் சரியாக நிரப்பினேன். நான்காவதில் மட்டும் என் மனசில் இருந்ததைப் போட்டேன்.

இலத்தூர்க்காரர் நல்ல மனிதர். நோட்டீஸோடு அந்த எழுத்துருவையும் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். அதை மெஷினில் ஏற்றினோம். காதர் ஃபைலின் பிரதி என்னிடம் இருந்தது, பெருமைக்காக வைத்திருந்தேன். திறந்தேன். இந்தத் தடவை சொடுக்கிய உடனே திறந்தது. இரண்டு வரி இல்லை, மூன்று வரி. மூன்றாவதை அன்றைக்கு எழுத்து மாற்றி விழுங்கியிருக்கிறது.

எனக்கு ஒன்று ஆகிவிட்டால் நீங்கள் எல்லோரும் அலைய வேண்டி வரும்.
என்னை ஊருக்குக் கொண்டு வர வேண்டும்.
நம் மையவாடியில் வாப்பா பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டு வை.

செல்வி அதை வாசித்தாள். மையவாடி என்றால் அவர்கள் அடக்கம் செய்கிற இடம் என்று நான்தான் சொன்னேன். அவளிடம் முழுக்கதையையும் சொன்னேன், இந்தத் தடவை மணி நேரத்தை வளர்க்காமல். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஒண்ணு அவியகிட்டச் சொல்லிருங்க. இல்லன்னா அழிச்சிருங்க. ரெண்டும் இல்லாம இத வச்சுக்கிட்டு இருக்காதீய அண்ணாச்சி" என்றாள்.

நான் மூன்றாவதைத்தான் செய்தேன். வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போகாமல் இல்லை. போனேன். அப்போது இத்தா முடிந்து மாதங்கள் ஆகியிருந்தது. ஜைனம்பு வாசல் அறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். எப்படித் தொடங்குவது என்று நான் டீயை ஊதிக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசினாள்.

"அவுக ஒரு வார்த்த எழுதாமப் போயிருந்தா நான் தவிச்சிருப்பேன். கொண்டு வரலியே, கொண்டு வரலியேன்னு காலம் பூரா அரிச்சிருக்கும். அவுகளே வேண்டாம்னுட்டாக. அத நீங்க வாசிச்சுச் சொன்னீய. ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்கும் சேத்துத்தான் துஆ கேக்கேன் அண்ணாச்சி."

ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தேன். வந்ததற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே, ஆதார் கார்டில் பெயர் ஏதும் திருத்த வேண்டுமா என்று கேட்டேன். கார்டை எடுத்துக் காட்டினாள். பெயர் சரியாக இருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு தடவை போனேன். ஒரு தடவை ரேஷன் கார்டுக்கு. ஒரு தடவை பர்வீன் காலேஜ் விண்ணப்பத்துக்கு. அந்த வீட்டு ஆவணங்களில் இப்போது எந்தக் குறையும் இல்லை.

சேகு பாய் கடைக்கு எதிரே போகும்போது கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். அவர் வாப்பா பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர்கள் மையவாடிப் பக்கம் போவதைப் பார்த்தால் நான் கடைக்குள் எழுந்து போய் எதையாவது தேடுவேன். செல்வி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்க மாட்டாள்.

உங்களுக்கு என்ன சொல்ல? கடையில் கூட்டம் நிற்கும். போன் அடிக்கும். கொண்டுவந்தவர் ஒரு பதிலை முகத்தில் எழுதிக்கொண்டே வந்திருப்பார், அதை வாசிப்பது திரையை வாசிப்பதைவிடச் சுலபம். தெரிந்ததை மட்டும் வாசியுங்கள். கட்டம் வந்தால் கட்டம் என்றே வாயைத் திறந்து சொல்லுங்கள். 'கொண் கட்டம் வர வேண் கட்டம் இம்' என்று அன்றைக்கு நான் வாசித்திருந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு அது புதிதா? போனில் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும். அந்த ஓட்டையில் எதை வைப்பது என்று அவள் சொல்லியிருப்பாள். அவனோடு குடும்பம் நடத்தியவள் அவள். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தவனுக்கு என்ன தெரியும்?

இதை எழுதிவிட்டால் மனசு ஆறும் என்று செல்வி நினைக்கிறாள். ஆறவில்லை. அவன் கிடக்கிற மண் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. மழை பெய்யாத ஊர் என்று மட்டும் தெரியும். இங்கே ஆனி பிறந்தால் சாரல் அடிக்கிறது, மையவாடிச் சுவர் ஓரம் பச்சைப் பாசி பிடிக்கிறது, அதில் ஒரு ஆறடி என் வாயால் காலியாகக் கிடக்கிறது.

பர்வீன் இப்போது திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாளாம். பழைய போனில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறாளாம். புது போனில் எல்லா ஃபைலும் திறக்கிறது. நம் தொழிலுக்கே அதுதான் சாவு. அதனால் நேற்று ஒரு முடிவு செய்தேன். அவர்களாகக் கண்டுபிடிக்கும் முன்னால் நானே போய்விடுவது. ஆதார் கார்டு, ரேஷன் கார்டு ஒன்றும் கேட்காமல், உட்காராமல், டீ குடிக்காமல், வாசலில் நின்றபடி முதல் வார்த்தையாக

செல்வி முன்னாலிருந்து கூப்பிட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் வருகிறேன் என்றேன். அவள் எழுந்து உள்ளேயே வந்துவிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஜைனம்பு அக்கா வந்திருக்காவ. பர்வீன் புது போன்ல அந்த ஃபைலத் திறந்து குடுத்துட்டாளாம். கட்டம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, பளிச்சுன்னு இருக்கு, நானும் பாத்தேன். பர்வீன் வாசிச்சுச் சொன்னாளாம், அவிய நம்பல. ஒங்க வாயால வாசிக்கணும்ங்காவ."

வருதேன்னு சொல்லு என்றேன். சொல்லிவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுபடியும் கூப்பிடுகிறாள்.